மருந்து அறைப் பழக்கம்

பானுப்பிரியா வேலை பார்த்தது சிவகாசியில் எடை மெசின் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். பட்டாசுப் பெட்டியைத் தட்டில் வைத்தால் எடை பார்த்து லேபிளும் அடித்துத் தரும். உள்ளே ஓடும் புரோகிராம் அவள் எழுதியது. மெசினின் மெமரி சிறிது. மொத்தப் புரோகிராமும் அதில் கொள்ளாது. எடைக்கு ஒன்று, லேபிளுக்கு ஒன்று என்று துண்டு துண்டாகப் பிரித்துத் தனிச் சிப்பில் வைத்து, தேவைப்படும்போது தேவையான துண்டை மட்டும் மெமரிக்குக் கொண்டுவந்தாள்.

அவளுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. டிப்ளமோ படிக்கையில் லீவு நாளெல்லாம் அம்மா அய்யம்மாளோடு எம். புதுப்பட்டி பட்டாசு ஆலைக்குப் போனவள். அங்கே வெடிமருந்து கலக்கும் அறையில் அப்போதைக்கு வேண்டியது மட்டும்தான் இருக்கலாம். முடிந்ததும் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும். அதே பழக்கத்தில், வேலை முடிந்த நொடியே துண்டு மெமரியிலிருந்து அழியும்படி எழுதிவிட்டாள்.

2007 தீபாவளி சீசனில் ரத்தினசாமியின் பட்டாசு குடோனில் மெசின் நின்று நின்று போனது. பானுப்பிரியா நேரில் போனாள்.

"தாயி, ஒங்க மெசினு பாதி லேபிளத் துப்பிட்டுப் படுத்துக்கிடுது," என்றார் குடோன் மேஸ்திரி முத்துக்கருப்பன். "சீக்காளியவா வித்தீக?"

அவள் முதலாளி லட்சுமிகாந்தம் போனில் சுருக்கமாகச் சொன்னார். "சாயந்தரம் லோடு ஏறுறதுக்குள்ள ஓடணும். இல்லேன்னா ரத்தினசாமி திருப்பி அனுப்பிருவாரு. நீயும் நாளையிலருந்து பில் போடுற சீட்டுக்குப் போயிரு."

"சரிங்க அண்ணாச்சி."

மெசினுக்கு இரண்டு தட்டு, தட்டுக்கொரு பிரிண்டர், ஆளுக்கொரு தட்டாக இரண்டு பெண்கள். மதியம் ஒருத்தி டீ குடிக்கப் போனாள். அவள் வரும்வரை மற்றத் தட்டு ஒருமுறைகூட நிற்கவில்லை.

"ஒத்தையில இருந்தா ஒழுங்காத்தான் இருக்கு," என்றார் முத்துக்கருப்பன். "எங்க வீட்டு மருமகளுக மாதிரி."

பானுப்பிரியாவுக்குப் பிடிபட்டுவிட்டது. புரோகிராமின் லேபிள் துண்டு இரண்டு தட்டுக்கும் பொது. ஒரு தட்டு தன் லேபிளை முடித்ததும், மற்றது பாதியில் இருக்கும்போதே துண்டை அழித்துவிடுகிறது. கம்பெனியில் அவள் தனியாளாக ஒவ்வொரு தட்டாகத்தான் சோதித்திருந்தாள். ஆலையிலும், உள்ளே ஒருவர் கை வேலையில் இருக்கையில் அறையைக் காலி செய்யமாட்டார்கள். பழக்கத்தின் அந்தப் பாதியை மறந்திருந்தாள்.

லேப்டாப்பை மடியில் வைத்து, இன்னொரு தட்டு உபயோகிக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கும்படி மாற்றினாள். லாரி வந்தபோது இரண்டு தட்டிலும் லேபிள் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் லட்சுமிகாந்தம் பில் புக்கைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார். சீசன் முடியும்வரை பில்லை அவரே போட்டுக்கொண்டிருந்தார்.