அக்கா போன கருக்கலைப்பு எதிர்ப்பு ஊர்வலம்

கருக்கலைப்புக்கு எதிராக ஊர்வலம் என்று மாதா கோயிலில் பூசை முடிவில் அறிவித்ததும், அக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். எனக்கு அறவே விருப்பமில்லை. பெறுவதா வேண்டாமா என்பது அவளவள் பாடு என்று நினைக்கிறவள் நான். ஆனால் அக்காவுக்கு இங்கிலிஷ் ஓடாது, மொழிபெயர்க்க நான்தான் போயாக வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வேண்டுதல். மருமகளுக்கு ஏழு மாதம். அவளுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன் இங்கே, இங்கிலாந்தில், இருக்க அனுமதி கிடைக்க வேண்டும்.

நாங்கள் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ரயிலேறிப் போனால், நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஒரே சனம். ஒரு பக்கம் மொட்டைத் தலையும் கறுப்புக் கண்ணாடியுமாக இருபது முப்பது ஆண்கள். எல்லார் கையிலும் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடி. மன்னாரில் திருவிழாக் கொடியேற்றம் பார்த்து வளர்ந்த அக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. எந்தக் கோயில் சபை, செபத்துக்கு இவ்வளவு ஆண்கள் வந்திருக்கிறார்களே என்று கேட்டாள். அது வெளிநாட்டுக்காரரைத் துரத்தச் சொல்லும் கூட்டம், இன்றைக்கு இந்த ஊர்வலத்திலும் சேர்ந்திருக்கிறார்கள் என்றேன். சிலுவை பிடித்தவர்களை அப்படிச் சொல்லக்கூடாது என்று என்னை ஏசிவிட்டு, வழியில் சாப்பிடப் பொரித்துக் கொண்டுவந்த மீன் பற்றீஸ் பெட்டியைத் திறந்துகொண்டு அவர்களிடமே போய்விட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அவர்களில் மூத்தவர் இரண்டாவது பற்றீஸும் எடுத்தார். கருவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் கடவுள் தந்தது என்றார். அதைத் தமிழில் சொன்னதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகளின் கேசுக்காகவும் செபிக்கச் சொல்லும்படி என்னை இடித்தாள். சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். படகில் வருகிற எல்லாரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்.

"அவள் பிளேனிலைதான் வந்தவள் எண்டு சொல்லு," என்றாள் அக்கா நிம்மதியாக.

எதில் வந்தாலும் அனுப்பத்தான் வேண்டுமாம். வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்று நானாகவே கேட்டேன். பிள்ளையும் சேர்ந்துதான் போக வேண்டும் என்றார். அக்காவிடம் மறைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வந்த கோபத்தில் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் அவரைப் பார்த்தாள்.

"அது இன்னும் ஒரு நாட்டிலையும் பிறக்கேல்லையே. எங்கை திருப்பி அனுப்புவினம் எண்டு கேள்."

கேட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு கொடியைத் தூக்கிப் பிடித்தார். ஊர்வலம் நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். அக்கா மட்டும் பதிலுக்காக அங்கேயே நின்றாள்.