‘விடுங்கப்பா’வின் பெருந்தன்மை

கிடங்கில் அவனுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்தே போய்விட்டது. ‘விடுங்கப்பா’ என்றால்தான் தெரியும். நனைந்த பெட்டிகளோடு லாரி வந்து நின்றால் சுமை இறக்குகிறவர்கள் கத்துவார்கள். மேற்பார்வையாளனான இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, “விடுங்கப்பா, தெரிஞ்ச கம்பெனிதானே” என்பான். பெட்டி உள்ளே போகும். பூஞ்சை பிடித்துப் பக்கத்து அடுக்கையும் கெடுக்கும். அதற்கும் அதே வார்த்தைதான். சண்டை என்றாலே அவனுக்குப் பயம். அந்தப் பயத்துக்குப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டு பாதி வயதைக் கடத்திவிட்டான்.

அவன் மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். மாதாமாதம் வலி வந்து அவளைச் சுருட்டிப் போடும். ஒருநாள் மேசைக்குப் பின்னாலேயே மயங்கி விழுந்தாள். அப்போதும் அவன் அசையவில்லை. அவனுடைய அக்காதான் வந்தாள், கையில் தான் விற்கிற பொடி டப்பாவோடு.

“எதிர்ப்பு சக்தி கம்மி, வேற ஒண்ணுமில்ல. காலைல வெறும் வயித்துல குடி.”

மனைவி குடித்தாள். வலி குறையவில்லை. கடைசியில் அவளே பெண்கள் மருத்துவரிடம் நேரம் வாங்கி, அவனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. “கருப்பைக்குள்ள இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே ஒண்ணு வெளியே ஒட்டி வளருது. மாசாமாசம் அதுவும் ரத்தம் விடுது. வலது சினைப்பையில பெரிய கட்டி. குழந்தை வேணும்னு சொல்றீங்க. தள்ளிப்போடாதீங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்.”

“எதிர்ப்பு சக்தி கம்மியா டாக்டர்? எங்கக்கா ஒரு பொடி...”

“பொடியை ஓரமா வைங்க. இது கம்மி, ஜாஸ்திங்கிற கணக்கு இல்ல. ரத்தத்துல டி செல்லுன்னு காவல்காரங்க இருக்காங்க. அதுல ஒரு வகை, மத்த செல்லுங்க நம்ம உடம்பையே அடிச்சுடாம ‘பொறு, இது நம்ம ஆளு’ன்னு தடுக்கும். அது நல்ல வேலைதான். அது சரியா இல்லேன்னா வயித்துல கரு தங்குறதே கஷ்டம். ஆனா இடம் மாறி வளர்ற சவ்வுக்கும் அதுவே போய் பரிஞ்சுக்கிட்டு நின்னா? துரத்த வேண்டியவங்க துரத்தாம நின்னுடுவாங்க. இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. முழுசா இன்னும் தெரியல.”

வேறொருவனாக இருந்தால் கூசிப் போயிருப்பான். இவனுக்கு முகம் மலர்ந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் மனைவியின் தோளை இடித்தான். “பாத்தியா? உன் உடம்புக்குள்ளயும் என்னை மாதிரி ஒருத்தன் இருக்கான்!”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் கிடங்கிலும் இதையே சொல்லிச் சிரித்தான். டாக்டர் சொன்னதில் தனக்கு இனித்த பாதி மட்டுமே அவன் காதில் ஏறியிருந்தது. அந்தச் செல்லாவது கருவைக் காக்கிறது. இந்த மனிதன் தன் தோலைத் தவிர எதைக் காத்தான்?

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதே நாளில் அக்கா வீடு மாற்றுகிறாளாம். “தம்பி நீ இல்லாம எப்படிடா? அவளுக்கு என்ன, அடுத்த மாசம் பண்ணிக்கலாமே” என்றாள். முடியாது என்ற ஒரு சொல் அவன் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளி வைத்தான். மனைவியிடம், “அவங்களே மாத்திட்டாங்க” என்றான். யார் மனமும் நோகவில்லை என்று அவனுக்குத் திருப்தி.

அக்காவின் பீரோவை அவன் மாடியேற்றிக்கொண்டிருந்தபோது மனைவி சமையலறைத் தரையில் துடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஆட்டோ பிடித்து மருத்துவமனையில் சேர்த்தாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது அவசர ஆபரேஷனே முடிந்திருந்தது. டாக்டரம்மா வார்டுக்கு வந்து கட்டிலருகே நின்றார். “கட்டியோட சினைப்பை முறுக்கிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னு கருத்துப் போச்சு, எடுக்க வேண்டியதாயிடுச்சு. இன்னைக்குத்தானே ஆபரேஷன் வச்சிருந்தோம்? ஏன் சார் தேதியை மாத்தச் சொன்னீங்க?”

மனைவி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

“இல்ல... அக்கா வீடு... சங்கடமா இருந்துச்சு...” அசடு வழிந்தது. இடுப்பொடிய பீரோ தூக்கியவனுக்கு இரண்டு கண்களைத் தூக்கி அவளைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். “இடது சினைப்பை இருக்கு. அதுலயும் சின்னதா ஆரம்பிச்சிருக்கு. குழந்தை விஷயத்துல என்ன பண்றதுன்னு உடனே முடிவெடுக்கணும். சார், நீங்க என்ன சொல்றீங்க?”

“டாக்டர்.” மனைவியின் குரல் வறண்டிருந்தது. “அவர் எல்லாரையும் அனுசரிச்சு முடிச்சுட்டாரு. மிச்சம் இருக்கறது என்னோடது. எங்கிட்ட சொல்லுங்க.”

டாக்டரம்மா முக்காலியை அவள் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். அவன் அங்கே நிற்கிறானா, போய்விட்டானா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.