பையில் அடுக்கும் விளையாட்டு

ஜெர்மனியில் எர்லாங்கனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. விசாவிலேயே அப்படி எழுதியிருந்தது. சென்னையில் இரண்டு வருடம் புரோகிராம் எழுதியவள் நான். சும்மா இருந்து இருந்தே உடம்பெல்லாம் அசதி. வீட்டில் இருப்பவளுக்கு என்ன அசதி என்று யாராவது கேட்டால் எரிச்சல்தான் வரும்.

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்யலாமே என்று தோன்றியது சூப்பர் மார்க்கெட்டில். இங்கே கல்லாவில் இருக்கும் பெண் பொருட்களைத் தள்ளும் வேகத்துக்கு என் கை ஈடுகொடுக்காது. பாலைப் பைக்குள் வைப்பதற்குள் உருளைக்கிழங்கு வந்து முட்டையில் இடிக்கும். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். அதுதான் விளையாட்டு. அடுத்தவர் சாமான் வருவதற்குள், முட்டை உடையாமல் எல்லாவற்றையும் பையில் அடுக்க வேண்டும்.

சைக்கிளைப் பூட்டிவிட்டு ஆபீசிலிருந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

“எடுத்ததும் கோடிங்ல இறங்காத. முதல்ல டிசைன் டாக்குமென்ட் எழுது. நான் ரிவ்யூ பண்றேன்” என்றார்.

எழுதினேன். அவர் ஆபீஸ் வழக்கப்படி நோக்கம், எல்லை, சொல் விளக்கம், யார் எப்போது திருத்தினார் என்ற அட்டவணை, எல்லாம் வைத்தேன். சிவப்புக் குறிப்புகளோடு திரும்பி வந்தது. ‘பை என்றால் என்ன? வரையறுக்கவும்’ என்று ஒரு குறிப்பு. சிரித்துக்கொண்டே வரையறுத்தேன். பதினோராவது முறை திருத்தியபோது சிரிப்பு வரவில்லை. வெளியே மரங்கள் தளிர்த்துவிட்டன. என் திரையில் ஒரு முட்டைகூட வரவில்லை.

ஒரு நாள் காலையில் கவனித்தேன். சிவப்பு எட்டாம் பக்கத்தோடு நின்றிருந்தது. விளையாட்டு தொடங்குவதே ஒன்பதாம் பக்கத்தில்தான். அங்கிருந்து கடைசி வரை ஒரு புள்ளிகூட இல்லை. பதினோரு முறையும் அப்படியேதான். அழுகை வந்தது. அழுது முடித்து, அந்தக் கோப்பை மூடிவிட்டுக் கோடிங்கைத் தொடங்கினேன்.

மூன்று வாரத்தில் ஒரே ஒரு திரை தயாரானது. ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்தேன். முதல் ஆட்டத்திலேயே முட்டைகளின் மேல் தர்பூசணியை வைத்தார்.

“சூப்பரா இருக்கே! ஆனா முட்டை உடைஞ்சா என்ன ஆகும்னு டாக்குமென்ட்ல எழுதவே இல்லையேம்மா?”

“எழுதியிருக்கேங்க. ஆறு பக்கம்.”

சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை. அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. மவுஸை நகர்த்தி அந்தக் கோப்பைத் தேட ஆரம்பித்தார்.

“இரு, இப்பவே படிச்சுடறேன்.”

“வேண்டாங்க” என்றேன். “அதான் செஞ்சு முடிச்சுட்டேனே.”