பலகைக்காரரின் கம்பளிச் செருப்பு

பலகைக்காரர் மனைவியைப் பிரிந்து ஆறு வருடம். சண்டை எதுவும் இல்லை. ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடவில்லை, அவ்வளவுதான். பனி கொட்டும் தூர தேசத்தில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ள அந்த அம்மாள் போனார். இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இதற்கு மேடையில் 'தியாகம்' என்று பெயர் வைப்பார்கள். வைப்பவன் வீட்டில் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

இவருக்கு வேலை, மெத்தைக்குள் வைக்கும் கெட்டி விரிப்பு செய்யும் ஆலையில். ஒரு பலகையில் ஆயிரக்கணக்கான ஊசிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன முட்கள். பலகை தடதடவென்று இறங்கி ஏறும்போது அந்த முட்கள் தளர்ந்த பஞ்சைப் பிடித்து இழுத்து ஒன்றோடொன்று சிக்கவைக்கும். நூல் கிடையாது, பசை கிடையாது. குத்துதான் கெட்டியாக்குகிறது. தேய்ந்த ஊசியைப் பிடுங்கிவிட்டுப் புது ஊசி செருகுவதே பத்தொன்பது வருடமாக இவர் பிழைப்பு. பெயரும் அதனால் வந்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில் சொன்னார்:

"இங்க சமையக்கட்டுல கல்லுத் தரைங்க. நின்னு நின்னு காலு மரத்துப்போகுது."

"சாக்ஸ் போட்டுக்க வேண்டியதுதானே?"

"ரெண்டு போட்டாலும் குளிரு ஏறுதுங்க."

பலகைக்காரர் மறுநாள் ஆலையில் மேஸ்திரியிடம் போய், குப்பைக்குப் போகிற தேய்ந்த ஊசியில் ஒரு பிடி கேட்டார்.

"எதுக்குய்யா? காது குடையவா?"

"செருப்பு செய்ய."

"ஊசியில செருப்பா! எடுத்துக்கிட்டுப் போ. செஞ்சா எனக்கும் ஒரு ஜோடி."

கொஞ்சம் முள் மிச்சமிருந்த ஊசிகளாகப் பொறுக்கி, மூன்றை ஒரு குச்சியில் வைத்து நூல் சுற்றிக் கட்டினார். அடியில் வைத்துக் குத்த, கிழிந்த பைக் சீட்டிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்சு. ஆலைப் பஞ்சு பாலியெஸ்டர், குளிருக்கு உதவாது. கம்பளி வேண்டும். பழைய துணிக்கடைக்குப் போனார், தீப்பெட்டியோடு. ஸ்வெட்டரில் ஓர் இழையைப் பிய்த்துப் பற்றவைத்ததும் கடைக்காரர் பாய்ந்து வந்தார்.

"என்னய்யா, கடையைக் கொளுத்த வந்தியா?"

"ஒரே ஒரு இழைண்ணே. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரணும். இது பாருங்க, பிளாஸ்டிக் மாதிரி உருண்டுபோச்சு."

"கம்பளின்னுதான் எழுதியிருக்கே!"

"எழுதினவனைக் கொளுத்திப் பாக்க முடியாதுல்லண்ணே."

ஏழாவது ஸ்வெட்டரில் நாற்றம் வந்தது. பிரித்து, நறுக்கி, இழை இழையாகச் சீவினார். பக்கத்து வீட்டில் இருக்கும் மனைவியின் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, அது என் பேன்சீப்பு இல்ல?"

"ஆட்டுக்குப் பேன் பாக்குறேன் புள்ள."

"உங்க தலையில இருக்குற பஞ்சைச் சீவினா இன்னொரு ஆடு கிடைக்கும்."

மூன்று வாரம் குத்தினார். சாய்த்துக் குத்தி நாலு ஊசி ஒடிந்தது; தொடையில் வைத்துக் குத்தி ரத்தமும் பார்த்தார். இடது செருப்பு முடிந்தது. கையை நுழைத்தால் போகவில்லை. மேலும் கீழும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தது. ஆலையில் ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்தால்தான் வேலை. அதே பழக்கத்தில் அடிவரை குத்தி, கால் நுழையும் இடத்தையே அடைத்துவிட்டிருக்கிறார்.

"இது செருப்பு இல்ல மாமா, நாக்கு," என்று கொழுந்தியாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்தவளே வழியும் சொன்னாள். ஸ்பாஞ்சைக் கால் போல வெட்டி உள்ளே வைத்து, சுற்றிலும் குத்தினால் ஒட்டாது. எந்தக் கால்? மனைவி விட்டுப்போன ரப்பர் செருப்பு இருந்தது. அதில் கட்டை விரலும் குதிகாலும் பள்ளமாகப் பதிந்திருந்தன. அந்த அளவுக்கு வெட்டினார். இரண்டு மாதத்தில் ஒரு ஜோடி முடிந்தது. விடுமுறை முடிந்து மனைவி இருக்கும் ஊருக்குத் திரும்பிய ஒரு நர்ஸம்மா கையில் கொடுத்தனுப்பினார்.

"வந்துச்சுங்க. ரொம்ப நல்லாருக்கு," என்றார் மனைவி.

"போட்டுக் காட்டேன்."

"அப்புறம் காட்டுறேன்."

அடுத்த ஞாயிறும் அப்புறம்தான். அதற்கடுத்த ஞாயிறு போன் திரையில், மனைவியின் தோளுக்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில் செருப்பு இரண்டும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தன.

"ஏன் போடல?"

"நுழையலைங்க. நின்னு நின்னு காலு வீங்கி அகண்டுபோச்சு. இப்ப ரெண்டு அளவு பெரிசு வாங்குறேன்."

"சொல்லவே இல்லையே?"

"இதைப் போயி என்னன்னு சொல்றது?"

பலகைக்காரர் சுவரைப் பார்த்தார். ஆறு வருடமாக இந்த வீட்டில் அவர் நினைத்துக்கொண்டிருந்த கால், இப்போது எங்கேயுமே இல்லை.

"ஒரு தாளுல காலை வச்சு வரைஞ்சு அனுப்பு," என்றார்.

"போட்டோ எடுத்து அனுப்பட்டா?"

"போட்டோவுல அளவு நிக்காது. தாளே வேணும்."

தபால் வர மூன்று வாரமானது. நாலாய் மடித்த தாள், இரண்டு பாதம், பென்சில் கோடு. அவர் அதைத் தரையில் விரித்து, இடது பாதத்துக்குள் உள்ளங்கையை வைத்தார். விரித்து வைத்தும் சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது. கொழுந்தியாள் கத்திரிக்கோலோடு வந்தாள்.

"வெட்டட்டா மாமா?"

"தொடாத!"

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, மேலே ஒரு பழைய காலண்டர் தாளை வைத்து, வெளிச்சத்தில் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டினார். குதிகாலில் கோடு இல்லை. தனியாகக் குனிந்து வரைந்ததில் அங்கே கை எட்டியிருக்காது. பிடித்துக்கொள்ளவும் பக்கத்தில் ஆளில்லை.

விட்டுப்போன அந்த விரற்கடை தூரத்தை அவர் மெதுவாக வளைத்து முடித்தார். பிறகு கீழே உட்கார்ந்து, புது ஸ்பாஞ்சை எடுத்து வெட்ட ஆரம்பித்தார்.