கயிறு கட்டிய ஒழுங்கைக்கு வந்த மரக்கறி

ஊரடங்கு போட்ட முதல் வாரங்களில் நான் பெரிதாகப் பயப்படவில்லை. கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கடையைப் பூட்டிவிட்டார்கள். பதினைந்து வருடங்களாகக் கால் கடுக்க நின்ற எனக்கு அது ஒரு ஓய்வு போலத்தான் இருந்தது. என் கணவருக்கு இழுப்பு நோய் இருந்ததால், ஊரடங்கைத் தளர்த்தும் நாட்களில் நான்தான் வெளியே போய் வரிசையில் நின்று சாமான் வாங்கி வருவேன். பருப்பு இருந்தால் டின் மீன் இருக்காது, டின் மீன் இருந்தால் பால்மா இருக்காது. இருந்தாலும் சமாளித்தோம்.

நாங்கள் இருப்பது கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஒரு குறுகிய தெருவில், ஓர் ஒழுங்கையில். இருபத்துமூன்று வீடுகள். சிங்களவர், முஸ்லிம்கள், எங்களைப் போல் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்திருந்தோம். கடைசி வீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. கணவருக்குக் கொழும்பில் வேலை. மனைவியும் மாமியாரும் சிறு மகளும் இங்கே இருந்தார்கள். அந்த மனிதர் ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது காய்ச்சல் கண்டு, சோதித்துப் பார்த்ததில் கொரோனா என்று தெரியவந்தது. அம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அன்று பின்னேரமே ஒழுங்கையின் வாசலில் மஞ்சள் கயிறு கட்டி, யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்று தாள் ஒட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

அதுவரை இருந்தது கஷ்டமே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது.

மரக்கறி லொறி ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே பெரிய ரோட்டில் போகும். எங்கள் கயிற்றைக் கண்டதும் வேகத்தைக் கூட்டும். ஒழுங்கைக்குள்ளே ஒரே ஒரு சில்லறைக் கடை. அதை நடத்திய முஸ்லிம் மனிதரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதல் நாளே கடைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

“ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ பருப்புத்தான். ரெண்டு கேட்டா தர மாட்டேன். கோவிச்சிக்க வாணாம்.”

கோபித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர் அப்படிச் செய்ததால்தான் பருப்பு ஐந்து நாளாவது தாங்கியது. ஆறாம் நாள் எங்கள் வீட்டில் சோறும் காய்ந்த மிளகாய்ச் சம்பலும். ஏழாம் நாளும் அதுதான். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குத்தான் புசல்லாவையிலிருந்து என் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் தோட்டத்து வேலையோடு, லயத்து வீடுகளுக்குக் கீழே ஒரு துண்டுக் காணியில் கோவாவும் போஞ்சியும் லீக்ஸும் என்று மரக்கறி போட்டிருந்தார். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டார். நான் சமாளித்துப் பேசிவிட்டு, அங்கே எப்படி என்று கேட்டேன்.

“கோவா எல்லாம் வெடிச்சிக் கெடக்கு தங்கச்சி. லொறி வந்து ரெண்டு வாரமாச்சி. மாட்டுக்குத்தான் அறுத்துப் போடுறேன். மாடும் இப்ப திரும்பிப் பாக்க மாட்டேங்குது.”

தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஒரே மாவட்டம். பஸ்ஸில் வந்தால் இரண்டு மணித்தியாலப் பயணம். அங்கே மாடு தின்ன மாட்டேன் என்கிற கோவா இங்கே என் பிள்ளையின் தட்டுக்கு வர முடியாது என்றால் அதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

கயிற்றுக்கு வெளியே, பெரிய ரோட்டோரத்தில், பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு சிங்களவர் இருந்தார். என் மகளை ஆறு வருடம் ஏற்றி இறக்கியவர். பள்ளிக்கூடம் மூடியதால் வேன் சும்மா நின்றது. நான் தொலைபேசியில் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. ஊரடங்கில் ஓட பாஸ் வாங்கித் தந்தால் இன்றைக்கே போகிறேன் என்றார். அந்தப் பாஸில்தான் எல்லாம் சிக்கியது. ஆட்கள் ஏற்றும் வண்டிக்கு மரக்கறிப் பாஸ் கொடுக்க முடியாது, லொறி இருந்தால் பார்க்கலாம் என்று கிராம சேவகர் சொன்னார். லொறிக்கு நான் எங்கே போவேன்?

கிராம சேவகர் தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து கயிற்றடியில் நின்று பொலிஸ்காரரோடு பேசிவிட்டுப் போவார். அவர் வருவதற்கு முன்பே நான் முகக்கவசத்தோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். முதல் நாள், மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். இரண்டாம் நாள், கேட்க மறந்துவிட்டேன் என்றார். அன்றிரவு மகளை உட்காரவைத்துச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினோம். கடையில் நின்று பழகிய சிங்களம் எனக்குப் பேச நன்றாக வரும், எழுதத்தான் தடுமாறும். ஒழுங்கையில் எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள், வயதானவர்கள் எத்தனை பேர், வேனின் இலக்கம், ஆசனங்களைக் கழற்றிவிடுவோம் என்ற உறுதி எல்லாவற்றையும் எழுதிப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள், கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போய்விட்டது என்றார். நான்காம் நாள் அவர் வண்டியை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு, உங்களுக்காக இல்லாவிட்டாலும், தினமும் உங்கள் பேச்சைக் கேட்கும் என் காதுக்காகவாவது செயலகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன் என்றார். ஒரே ஒரு நாளுக்கு, காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை பாஸ் கிடைத்திருந்தது.

மறுநாள் ஒன்றரை மணிக்கு வேன் கயிற்றடியில் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் லீக்ஸும் கலந்த வாசனை வந்தது. அண்ணன் பதினான்கு சாக்கு அனுப்பியிருந்தார். அவருடைய காணியில் மட்டும் அவ்வளவு இல்லை, லயத்தில் இருந்த மற்றவர்களும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். போஞ்சியில் ஒரு சாக்கு வழியிலேயே அவிந்து போயிருந்தது. மீதியை நானாவின் கடை வாசலில் கொட்டி, ஐந்தாறு பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பிரித்தோம். இருபத்துமூன்று பை கட்டினோம்.

பைகளைக் கொண்டுபோகும்போது எதிர்வீட்டு மனிதர் கடைசி வீட்டுக்குப் போக வேண்டாம் என்றார். அந்த வீட்டை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், அவர்களால்தானே நமக்கு இந்த நிலை என்றார். வேறு இரண்டு பேர் தலையாட்டினார்கள். நானா என்னைப் பார்த்தார். நாலு நாள் கயிற்றடியில் நின்று பேசிய வாய், அந்த இடத்தில் மூடிக்கொண்டது. என் கணவரின் இழுப்பை நினைத்தேன். அந்த வீட்டுப் படலைக் கதவைத் தொட்ட கையோடு வீட்டுக்குப் போவதை நினைத்தேன். இருபத்திரண்டு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பையைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அன்று கோவாச் சுண்டலும் போஞ்சிக் கறியும் வைத்தேன். மகள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். எனக்கு இறங்கவில்லை.

விடிந்ததும் நானாவின் கடைக்குப் போய்ப் பையை எடுத்தேன். அவர், நானும் வாறேன் என்று இறங்கினார். வேண்டாம், இது நான் செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டு நடந்தேன். கடைசி வீட்டுப் படலையில் பையை மாட்டிவிட்டுக் கூப்பிட்டேன். அந்தப் பெண் கதவைத் திறந்து வாசலிலேயே நின்றாள். பையைப் பார்த்தாள்.

“எங்களுக்கும் இருக்கோ அக்கா?”

இருக்கு என்றேன்.

“நேற்று எல்லா வீட்டுக்கும் குடுக்கேக்க யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். கேக்கக் கூச்சமா இருந்தது.”

பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

“மறக்கலம்மா. நான்தான் விட்டேன். பயந்துக்கிட்டு விட்டேன்.”

தனக்கும் பயம்தான் என்றாள் அவள். கணவர் தொலைபேசியில் இருமும்போதெல்லாம் அது கேட்காதபடி மகளை அறைக்குள் அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். நாலு நாளாக மூன்று பேரும் கஞ்சிதான் குடித்திருக்கிறார்கள். வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். மாமியாருக்குப் பல் இல்லை, கெரட் இருந்தால் அவித்துக் கொடுக்கலாம் என்றாள். கெரட் கொஞ்சம்தான் வந்திருந்தது; எங்கள் பையில் விழுந்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

திரும்பும் வழியில் எதிர்வீட்டு மனிதர் வாசலில் நின்றார். அவரிடம் நான் சத்தம் போடவில்லை. அடுத்த தடவை வரும் மரக்கறியில் முதல் பை கடைசி வீட்டுக்குத்தான் போகும், அது பிடிக்காதவர்கள் தங்களுக்குத் தாங்களே பாஸ் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவது பாஸுக்கு மறுபடியும் நின்றேன். இந்தத் தடவை மூன்று நாள் எடுத்தது. வழியில் கம்பளையில் பொலிஸார் வேனை மறித்து ஒரு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். ஆனாலும் வந்து சேர்ந்தது. சாக்குகளை இறக்கும்போது எதிர்வீட்டு மனிதர் தானாக வந்து ஒரு நுனியைப் பிடித்தார். முதல் பை கடைசி வீட்டுக்குப் போனது.

கயிற்றை அவிழ்த்த வாரத்தில் அந்தப் பெண்ணின் கணவர் மெலிந்துபோய் வீடு திரும்பினார். ஒழுங்கையில் வேறு யாருக்கும் அந்த நோய் வரவில்லை. புடவைக் கடை திறந்தபோது பாதிப் பேரைத்தான் திரும்ப எடுத்தார்கள். அதில் நான் இல்லை. நான் அதற்காக உட்கார்ந்துவிடவில்லை. வேன்காரரிடமும் அண்ணனிடமும் பேசி, சனிக்கிழமைகளில் புசல்லாவை மரக்கறியைக் கட்டுகஸ்தோட்டையில் வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தேன். பிறகு பெற்றோல் தட்டுப்பாடாகி வரிசை நின்ற வருடத்தில் வேன் ஓடாதபோது, அண்ணன் சாக்குகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். நான் கண்டியில் இறக்கி, இன்னொரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன். கொண்டக்டர்மார் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே சாக்குக்கு ஒரு கை கொடுப்பார்கள்.

யாழ்ப்பாணக் குடும்பம் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அவள் என்னோடு உட்கார்ந்து போஞ்சி பிரிப்பாள். படலையில் நடந்த பேச்சை நாங்கள் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. முற்றிய காயை ஒதுக்குவதில் என்னைவிட அவள் கண்டிப்பு. நான் கூடைக்குள் போட்டதை வெளியே எடுத்துப்போட்டு, இதை ஆருக்கும் குடுக்கேலாது அக்கா என்பாள்.