ஜப்பானிலிருந்து வந்த மழை

எண்பதுகளின் கடைசியில் லண்டன் நோர்பரியில் அண்ணன் வீட்டு மேலறையில் இருந்தேன். சின்ன வயதில் வந்த போலியோ என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடப்பேன். விருந்தாளிகள் வந்தால் அண்ணி, "நீர் மேலை ஆறுதலா இரும்" என்பார். அந்த ஆறுதல் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. கீழே சிரிப்பும் கோப்பைச் சத்தமும் கேட்கும். நான் கட்டிலில் இருந்து தெருவில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிழமை நாட்களில் நகரசபையான கவுன்சிலின் வான் வந்து என்னை ஒரு பகல்நேர நிலையத்துக்குக் கூட்டிப்போகும். என்னைப் போன்றவர்கள் அங்கே ஜப்பானிய எழுத்துச் சுருள்கள் செய்தோம். தூரிகையால் கறுப்பு மையில் ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக எழுதி, அந்தத் தாளைத் துணியில் ஒட்டி, மேலும் கீழும் தடி கோத்துச் சுவரில் தொங்கவிடுவது. நொண்டிகள் சும்மா இருக்கக் கூடாதென்று யாரோ கண்டுபிடித்த விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவள் என் மேசைக்கு எதிரே இருந்த ஜப்பானியப் பெண். என் வயதுதான். கைகள் அசையாது. தூரிகையை வாயில் கவ்வி எழுதுவாள். யாராவது பார்க்க வந்தால் உடனே நிறுத்திவிடுவாள். வருகிறவர்கள் தன் வாயைத்தான் பார்க்கிறார்கள், தாளைப் பார்ப்பதில்லை என்று ஒருமுறை சொன்னாள். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதிகம் பேசியதில்லை. ஆனாலும் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

நான் 'மழை' என்ற எழுத்தை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் போல ஒரு கட்டம், உள்ளே நான்கு துளிகள். பார்க்கச் சுலபம். ஆனால் இழுத்த கோட்டின்மேல் இன்னொரு தரம் தூரிகை வைக்கக் கூடாது. வைத்தால் மை தடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். பிழை வந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். ஒரு குளிர்காலம் முழுக்கக் கிழித்தேன். கடைசியில் ஒரு நாள் நான்கு துளிகளும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. எதிரே இருந்தவள் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தச் சுருளை முன்னறையில் மாட்டச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். அந்த வீட்டில் நானாக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். நான் மேலே இருந்தாலும் என் கைவேலையாவது கீழே ஆட்களோடு இருக்கட்டும் என்ற ஆசை. அண்ணன் மறுக்காமல் ஆணி அடித்தார்.

அடுத்த ஞாயிறு வெம்பிளியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வழக்கம்போல நான் மேலே. அந்த அம்மா சுருளைக் கண்டு அசந்துபோனார் என்பது குரலிலேயே தெரிந்தது. என்ன வடிவு, எங்கே வாங்கலாம், தங்கள் புது வீட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று விடாமல் கேட்டார். நான் மேல்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஜப்பானிலை இருந்து எடுப்பிச்சது," என்றார் அண்ணி.

அண்ணன், தேநீர் குடிப்பமோ என்று பேச்சை மாற்றினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்புச் சத்தம் வீடு முழுக்கக் கேட்க இறங்கிப் போனேன்.

"அது நான் எழுதினது," என்றேன்.

அந்த அம்மா முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். கண் அங்கேயே நின்றுவிட்டது.

"பாவம் பிள்ளை," என்றார். "இந்தக் காலோடையும் இவ்வளவு செய்திருக்கிறீர்."

எழுதியது கை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எனக்குக் கதிரை தந்தார்கள், தேநீர் தந்தார்கள். எந்த வைத்தியரிடம் காட்டுகிறேன், அரசாங்கம் தரும் பெனிபிட் காசு ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் அன்பாகத்தான் விசாரித்தார்கள். புறப்படும்வரை அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. எங்கே வாங்கலாம் என்றும் பிறகு கேட்கவில்லை.