இல்லாத கார்பனுக்கு அடித்த கை

முதலில் என் கையிலிருந்து விழுந்தது நற்கருணை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் இடது உள்ளங்கையில் வாங்கிய அப்பத்தை வலது கையால் எடுத்தேன். எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன். விரல்களுக்கு நடுவில் அது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபோது தரையில் கிடந்தது. சாமியார் அதை எடுத்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சேவியர் கேட்டார்: "ராத்திரி சரியா ஒறங்கலியா பிள்ளே?"

உறங்கவில்லை என்பது உண்மைதான். கொஞ்ச நாளாகவே கை மரத்துப்போய் எழுந்து, உதறி உதறி உட்கார்ந்திருப்பேன். படுத்த நிலையில் கை மடங்கியிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மண்டைக்காட்டுக்கும் கடியப்பட்டணத்துக்கும் இடையில் உள்ள கடற்கரை ஊர் எங்களுடையது. வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து டிடிபி வேலை செய்கிறேன். திருமணப் பத்திரிகை, நினைவு அஞ்சலி, மாசியில் அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு நோட்டீஸ், பிறகு ஒவ்வொரு பங்குக் கோயிலின் பத்து நாள் திருவிழா நோட்டீஸ். பின்புறக் கொட்டகையில் சேவியர் வள்ளங்களின் எஞ்சின் பழுதுபார்ப்பார். "நான் சுத்தியல் அடிக்கது ஊருக்குக் கேக்காது, நீ டைப் அடிக்கதுதான் கேக்கும்" என்று கேலி செய்வார். எனக்கு அதில் பெருமைதான்.

எங்கள் பக்கம் கையோ காலோ வலித்தால் முதலில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போவோம். பிசகிய தோளுக்கும் முறிந்த எலும்புக்கும் அது கைகண்ட வழி. நானும் போனேன். "எங்க விழுந்தா?" என்று கேட்டார். விழவில்லை என்றால் வைத்தியம் பார்க்காமல் அனுப்பிவிடுவாரோ என்று நினைத்து, கிணற்றடியில் வழுக்கியதாகச் சொன்னேன். சுளுக்குக்கு உரிய எண்ணெய் தேய்த்து, மணிக்கட்டை இறுக்கிக் கட்டினார். அவர்மேல் குற்றமில்லை. நான் சொன்ன பொய்க்கு அவர் சரியாகத்தான் கட்டுப் போட்டார். கட்டை அவிழ்த்தபோது மரமரப்பு இரண்டு மடங்காகியிருந்தது.

இதை வாசிக்கிற உங்களுக்குப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்து, சுண்டுவிரல் மட்டும் சுகமாக இருந்தால், இறுக்கிக் கட்டாதீர்கள். நேராக ஒரு டாக்டரிடம் போங்கள். விழுந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நாகர்கோவிலில் டாக்டர் நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்துடிப்பு கொடுத்து, நரம்பு எத்தனை வேகத்தில் செய்தி கொண்டுபோகிறது என்று பார்ப்பது) எடுக்கச் சொன்னார். கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்றார் (மணிக்கட்டுக்குள் இருக்கும் ஒடுக்கமான வழியில் நரம்பு நெருக்குப்படுதல்). ஸ்ப்ளின்ட் (மணிக்கட்டு மடங்காமல் தாங்கும் பட்டை) தந்தார். மாத்திரை தந்தார். "கைக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார்.

அந்த மருந்துதான் என்னிடம் இல்லை. சும்மா இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. கையை மாற்ற முடியாது, கீபோர்டை மாற்றலாமே என்று தோன்றியது. அன்றிலிருந்து ஓட்டம்தான்.

முதலில் தட்டையான மெல்லிய கீபோர்டு ஒன்று வாங்கினேன். பிறகு மணிக்கட்டுக்கு அடியில் வைக்கும் ஜெல் மெத்தை. அதில் மணிக்கட்டை அழுத்தி வைத்துக்கொண்டே அடித்தேன். நரம்பு போகிற இடத்திலேயே பாரம் ஏற்றியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்து, பெருவிரலால் உருண்டையை உருட்டும் மவுஸ். அதில் பெருவிரல் வீங்கியது. மவுஸை இடது கைக்கு மாற்றினேன்; திருமணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் பெண் வீட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கடைக்காரர் என்னைக் கண்டாலே, "அக்கா, இனி கால்ல அடிக்கிய கீபோர்டு வந்தாத்தான் ஒங்களுக்கு" என்பார்.

தோஹாவில் இருக்கும் என் தம்பி ஒரு கீபோர்டு கொடுத்தனுப்பினான். நடுவில் பிளந்து, இரண்டு பாதியும் விரித்த புத்தகம்போல் சரிந்திருக்கும். கட்டைகளில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்து. பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தமிழ் வருமா?" என்று கேட்டார். நான் கட்டைகளைப் பார்த்து அடிக்கிறவள் இல்லை. தமிழ் வந்தது. வலியும் வந்தது.

எல்லாக் கீபோர்டிலும் ஒரே கதைதான். வாங்கிய புதிதில் வலி குறையும். சேவியரிடம் "இதுதான் சரியானது" என்று சொல்வேன். கை பழகி வேகம் பிடித்ததும் மரமரப்பு திரும்பிவரும். ஏன் என்று நின்று யோசிக்கவில்லை. அடுத்ததைத் தேடப் போய்விட்டேன்.

அடுத்த முறை டாக்டர் என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துக் காட்டினார். வலது பெருவிரலுக்கு அடியில் உள்ள சதை வற்றியிருந்தது. "இனி தள்ளிப் போட்டா இந்தச் சதை திரும்பாது. ஆபரேஷன் செய்துரலாம்."

"பெறவு டைப் அடிக்கலாமா டாக்டர்?"

"அடிக்கலாம். ஆனா மறுபடியும் இதே மாதிரி வந்தா, இந்த வேலைய விட்டுரணும்."

பஸ்ஸில் திரும்பும்போது அழுதுவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கடற்கரையில் பிறந்தும் மீனுக்கு விலை பேசத் தெரியாது, வலை முடியத் தெரியாது. ஊரில் என்னை அடையாளம் சொல்வதே ‘டைப்புக்காரி' என்றுதான். அந்தப் பெயரும் போய்விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

அறுவை சிகிச்சை சிறியதுதான். மணிக்கட்டின் குறுக்கே இருக்கும் பட்டையான தசைநாரை வெட்டி, நரம்புக்கு இடம் விடுகிறார்கள். கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். நான் விழித்தே இருந்தேன். கை மரத்துப்போகாமல் இருக்க அதே கையை மரக்க வைக்கிறார்களே என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. கட்டுப் பிரிக்கும்வரை சேவியர்தான் மீன் உரித்து, கறி வைத்து, என் தலையும் பின்னிவிட்டார். எஞ்சினுக்குக் கயிறு இழுப்பதுபோல்தான் பின்னுவார்.

மரமரப்பு போய்விட்டது. தழும்பு ஆறியதும், பங்குத் திருவிழா நோட்டீஸோடு வேலைக்கு உட்கார்ந்தேன். எங்கள் ஊர் நோட்டீஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் திருவிழா, இரண்டாம் திருவிழா என்று பத்து நாளுக்கும் தனித்தனியாக, அந்த நாளின் செலவை ஏற்றுச் சிறப்பிப்பவர்கள் பெயர். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் அடுத்த திருவிழாவரை பேசாது. நான்காம் திருவிழாவை அடித்துக்கொண்டிருந்தபோது நடுவிரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு உணர்வு. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சேவியரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

டாக்டர் என்னைப் பிசியோதெரபி (உடற்பயிற்சியால் தரும் சிகிச்சை) பகுதிக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் நான் சொன்ன கீபோர்டு புராணம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "எப்படி அடிப்பீங்க, இந்த மேசையில அடிச்சுக் காட்டுங்க" என்றாள்.

வெறும் மேசையில் அடித்தேன். பேனா வைத்திருந்த டப்பா குதித்து ஓரத்துக்கு நகர்ந்தது.

"அக்கா, நீங்க டைப் அடிக்கியளா, அம்மி கொத்துறியளா?"

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு எங்கள் டைப்ரைட்டிங் மாஸ்டரின் முகம் ஞாபகம் வந்தது. தமிழ் டைப்ரைட்டிங்கின் முதல் பாடமான ‘யளனகபக' பழகிய நாளிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். மூன்றாவது தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எழுத்து மங்கலாக இருந்தால், "நீ அடிச்சியா, தடவுனியா?" என்று கேட்டுவிட்டு, முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வைப்பார். என் மூன்றாவது தாள் எப்போதும் கறுப்பாக இருக்கும். அவர் மற்றவர்களுக்கு அதைத்தான் தூக்கிக் காட்டுவார்.

கம்ப்யூட்டருக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. கார்பன் இல்லை. மூன்றாவது தாள் இல்லை. என் விரல்களுக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை. புதுக் கீபோர்டுகளில் வலி குறைந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. பழகாத இடத்தில் கை பயந்து பைய அடித்திருக்கிறது.

அந்தப் பெண் வேறு சிலவும் சொன்னாள். கீபோர்டின் பின்னால் இருக்கும் இரண்டு கால்களையும் மடக்கி வைக்க வேண்டும். டைப்ரைட்டர் போலச் சரிந்திருந்தால்தான் எனக்குக் கை ஓடும் என்று அவற்றை எப்போதும் தூக்கியே வைத்திருந்தேன். மேசை முழங்கைக்கு மேல் இருக்கக் கூடாது. மணிக்கட்டு எதன்மேலும் பாரமாகச் சாயக் கூடாது. கட்டைகள் இலகுவாக அழுந்தும் என்பதால் தம்பி அனுப்பிய கீபோர்டையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆனால் முதல் சிகிச்சை, சத்தம் கேட்காமல் அடிப்பது.

கேட்க எளிது. பழகிய கையைப் பழக்கம் மறக்க வைப்பது அறுவையைவிடக் கொடுமை. நல்ல பெயர் ஒன்று வந்தால் கை தன்னால் ஓங்கும். ‘பெருவிழா' என்ற சொல்லை என்னால் மெதுவாக அடிக்கவே முடிந்ததில்லை. எரிச்சலில் எழுந்து முற்றத்தில் நடப்பேன், திரும்ப வந்து உட்கார்வேன். மனம் மூன்றாவது வரியில் நிற்கும். விரல் முதல் வரியில் இருக்கும். அந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கத்தான் நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எறும்பு ஊர்வது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பெருவிரல் சதை முழுதாகத் திரும்பவில்லை. இனித் திரும்பாது என்கிறார்கள். கோயிலில் அப்பத்தை இப்போதும் கண்ணால் பார்த்துத்தான் எடுக்கிறேன். விரலுக்கு அது நன்றாகவே தெரிகிறது, எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

இந்த வருடத் திருவிழா நோட்டீஸும் எனக்கே வந்தது. முன்பு ஒரு மத்தியானத்தில் முடிக்கிற வேலை, இப்போது நாள்கணக்கில் ஆகிறது. நேற்று சேவியர் கொட்டகையிலிருந்து வேகமாக வந்தார். கை நிறைய கிரீஸ். கதவருகே நின்றார்.

"முடிஞ்சா பிள்ளே?"

"இல்ல. ஏழாம் திருவிழாவிலதான் நிக்கேன்."

"ஒரு சத்தமும் கேக்கலியே. நிறுத்திட்டியோன்னு பயந்துட்டேன்."

"நிறுத்தல்ல" என்றேன். விரல்கள் போய்க்கொண்டிருந்தன.